மோட்டார் ரூமுக்குச் செம்புக் கம்பி வேண்டாம்

கண்ணாடி இழை இணையம் இன்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. முன்பு டிவிக்குக் கேபிள் இழுத்தவர்களே இப்போது ஃபைபர் இழுக்கிறார்கள். 2011-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தைத் தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றது. ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் அதிகம் போனால் வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுகின்றன. விவசாயக் குடும்பத்தின் வேலையோ அந்தச் சுவருக்கு வெளியேதான் நடக்கிறது. மோட்டார் ரூம், மாட்டுக் கொட்டகை, கோழிப்பண்ணை, கொங்குப் பகுதியானால் தறிக்குடோன் என்று வீட்டிலிருந்து ஐம்பது, நூறு, இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் கட்டிடங்களில் இப்போது கேமரா மாட்டுகிறார்கள். கணக்கெழுதக் கணினி வைக்கிறார்கள். பிள்ளைகள் படிக்க அமைதியான இடம் தேடி அங்கே போகிறார்கள். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்று யாரும் வழிமுறை சொல்வதில்லை. கேமரா மாட்ட வந்தவர் கையிலிருக்கும் லேன் கேபிளை இழுத்து, வேப்பமரத்திலும் தென்னையிலும் கட்டி வேலையை முடித்துவிடுகிறார். இந்த வழக்கம் நிற்க வேண்டும். தனித்தனியே நிற்கும் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே தரவுக்காகச் செம்புக் கம்பி போகக் கூடாது. கண்ணாடி இழைதான் போக வேண்டும், அதுவும் மண்ணுக்குள் குழாயில் போக வேண்டும். வேகம் இதில் இரண்டாம்பட்சம். முதல் காரணம் பாதுகாப்பு.

வீட்டுக்கு ஓர் எர்த் குழி, மோட்டார் ரூமுக்கு வேறோர் எர்த் குழி. இரண்டும் ஒரே மண்ணில் இருந்தாலும் இரண்டுக்கும் எப்போதும் ஒரே மின்னழுத்தம் இருக்கும் என்று நம்ப முடியாது. மோட்டாரின் சுருளில் காப்பு தேய்ந்து மின்கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் மோட்டார் ரூமின் எர்த் வழியே மண்ணுக்குள் இறங்கும். எர்த் குழி காய்ந்து மின்தடை கூடியிருந்தால், மோட்டாரின் உடலும் ஸ்டார்ட்டர் பெட்டியும் அதைத் தொட்டிருக்கும் தகரச் சட்டங்களும் வீட்டு எர்த்தைவிட உயர்ந்த மின்னழுத்தத்துக்கு ஏறிவிடும். அந்தத் தகரச் சட்டத்தில் திருகிய கேமராவிலிருந்து ஓர் உலோகக் கம்பி வீட்டுக்குள் போனால், இரண்டு எர்த்துகளையும் இணைக்கும் பாலமாக அதுவே ஆகிவிடுகிறது. பழைய வகைக் கேமராக்களுக்கு இழுக்கும் 3+1 கேபிளில் இது நேரடியாகவே நடக்கும். அதன் வெளிப்பின்னல் ஒரு முனையில் கேமராவின் உடலையும் மறு முனையில் பதிவுப் பெட்டியின் உடலையும் தொடுகிறது. படத்தில் கிடைமட்டப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால் கேமரா மோசம் என்று மாற்றச் சொல்வார்கள். பல இடங்களில் கேமராவில் குறையே இருப்பதில்லை. இரண்டு எர்த்துகளுக்கு நடுவே கேபிள் வழியாக ஓடும் மின்னோட்டம்தான் அப்படித் தெரிகிறது. லேன் கேபிளில் நிலைமை சற்று மேல். ஈதர்நெட் கருவிகளின் வாயில் சிறு மின்மாற்றிகள் வைத்து, 1,500 வோல்ட்வரை தாங்கும் பிரிப்பைத் தர விதிமுறை கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் நல்ல கேபிள் என்று சொல்லி உலோக உறை போட்ட வகையை இரு முனையிலும் உலோக முனையிட்டு இணைத்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. அதிக விலை கொடுத்து வாங்கிய கேபிளே ஆபத்தைக் கூட்டுகிறது.

மின்னல் வரும்போது 1,500 வோல்ட் என்பது ஒன்றுமே இல்லை. நேரடியாகக் கட்டிடத்தின் மேல் இடி விழுவது அரிது. நம் கருவிகளைக் கொல்வது பெரும்பாலும் பக்கத்தில் விழும் இடி. ஒரு சாதாரண மின்னல் 30,000 ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை மண்ணுக்குள் இறக்கும். இறங்கும் இடத்தின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த இடத்தின் மின்னழுத்தம் ஒரு கணத்துக்கு 3 லட்சம் வோல்ட் உயர்கிறது. இடத்தை விட்டு விலக விலக அது சரியும். தோட்டத்து ஓரத்துத் தென்னையில் இடி விழுந்தால், அதற்கு அருகிலிருக்கும் மோட்டார் ரூமின் எர்த் ஓர் உயரத்திலும் தள்ளியிருக்கும் வீட்டின் எர்த் வேறோர் உயரத்திலும் நிற்கும். நடுவில் செம்புக் கம்பி இருந்தால் அந்த வேறுபாடு முழுவதும் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள கருவிகளின் தலையில் இறங்குகிறது. நம் பருவநிலை இதை இன்னும் மோசமாக்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழை வரும்போது மண் மிகவும் காய்ந்து கிடக்கும். பாறைப்பாங்கான நிலத்தில் எர்த் குழியின் மின்தடை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இடி அதிகம் விழும் காலமும் எர்த் மிகப் பலவீனமாக இருக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அவர்களில் பலர் வயல்வெளியில் இருந்தவர்கள். வயல்வெளியிலிருந்து வீட்டுக்குள் ஓர் உலோகக் கம்பியை இழுத்து, அதன் முனையில் பிள்ளைகள் கை வைக்கும் கணினியை மாட்டுவதை அற்பமான விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்குச் சர்ஜ் புரொடெக்டர் போதாதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கருவி வேலை செய்யும், ஆனால் நிபந்தனையோடு. வரும் உயர்மின்னழுத்தத்தை அது எர்த்துக்குத் திருப்பிவிடுகிறது. ஆகவே எர்த் நன்றாக இருந்தால்தான் அதற்குப் பலம். இரு முனைக்கும் ஒவ்வொன்று வேண்டும். ஒவ்வொன்றும் அந்தந்தக் கட்டிடத்தின் பிரதான எர்த்தோடு குட்டையான கனத்த கம்பியால் இணைய வேண்டும். பெரிய இடிக்குப் பிறகு சோதித்து மாற்ற வேண்டும். எர்த் அமைப்புக்கு ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. ஆனால் அதன்படி எர்த்தின் மின்தடையை அளந்து பார்க்கும் வழக்கம் மோட்டார் ரூம்களில் எத்தனை இடத்தில் இருக்கிறது? எர்த் குழிக்கு மாதம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றக்கூட மறந்துபோகும் இடத்தில், நல்ல எர்த்தை நம்பி வாழும் ஒரு கருவியைப் பாதுகாப்பு என்று சொல்வது சரியில்லை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அதன் பாதுகாப்பு யாருடைய பராமரிப்பையும் எதிர்பார்க்கவில்லை. இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது.

மற்றக் காரணங்களும் இதே பக்கம்தான் சாய்கின்றன. லேன் கேபிளுக்கு விதிமுறை 100 மீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறது. வீட்டின் உள்ளறையிலிருந்து ரூட்டரை விட்டுப் புறப்பட்டு, சுவர் ஏறி இறங்கி, மரம் சுற்றி, கொட்டகைக்குள் நுழையும்போது நேர்கோட்டில் 70 மீட்டர் என்று தோன்றிய தூரம் எல்லையைத் தாண்டிவிடுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பெரும்பகுதி முழுச் செம்பு கிடையாது. அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்புப் பூச்சு. அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதே கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால், பகலில் ஓடும் கேமரா இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்துவிடும். கண்ணாடி இழைக்கு இருநூறு மீட்டர் ஒரு தூரமே இல்லை. லேன் கேபிளையும் இழையையும் இணைக்க, கடைகளில் கிடைக்கும் சாதாரண மீடியா கன்வெர்ட்டரே 20 கிலோமீட்டருக்கானது. இன்று ஒரு கிகாபிட்டுக்குப் போட்ட இழையை நாளை பத்து கிகாபிட்டுக்கு உயர்த்த வேண்டுமானால் முனைகளில் உள்ள கருவிகளை மாற்றினால் போதும். மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை.

கம்பியே எதற்கு, வைஃபை இருக்கிறதே என்பது அடுத்த எதிர்வாதம். இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டு ஜன்னலில் ரிப்பீட்டர் மாட்டிக் கொட்டகைக்கு அனுப்புவது ஒன்று. ஒரே ரேடியோவில் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். தகரக் கூரையும் தகரச் சுவரும் உள்ள கொட்டகைக்குள் அந்தப் பாதியும் நுழையாது. இரண்டாவது வகை, இரு கட்டிடத்து உச்சியிலும் ஒன்றையொன்று பார்க்கும் ஆன்டெனாக்களை நிறுத்துவது. இது மதிக்கத்தக்க தீர்வு. மத்திய அரசு 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்த பிறகு, இந்தக் கருவிகளை யாரும் தயக்கமின்றி வைக்கலாம். நடுவில் பொதுச் சாலையோ வாய்க்காலோ அடுத்தவர் நிலமோ இருந்தால், குழி தோண்ட முடியாத அந்த இடத்துக்கு இதுவே சரி. குத்தகை நிலத்துக்கும் இதுவே பொருந்தும். ஆனால் சொந்த நிலத்துக்குள் இதை முதல் தேர்வாக்க நான் சம்மதிக்க மாட்டேன். ரேடியோ அலைக்கு நேர்கோட்டுப் பார்வை மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றித் திறந்த வெளி வேண்டும். நூறு மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரத்துக்கு எதுவும் குறுக்கிடக் கூடாது. தென்னந்தோப்பில் இன்று திறந்திருக்கும் வழி, அடுத்த ஆண்டு மட்டைகளால் மூடப்படும். மழையில் நனைந்த ஓலை சிக்னலை விழுங்கும். மேலும், உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்குக் கீழே இறங்குவதும் லேன் கேபிள்தான். அதற்கும் மின்னல் பாதுகாப்பு வேண்டும்.

கொட்டகையிலேயே ஒரு சிம் போட்ட ரூட்டரை வைத்துவிட்டால் கேபிளே வேண்டாமே என்றும் சொல்லலாம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு அது நியாயம். வீட்டின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் அது வீண்செலவு. மாதச் சந்தா தனி, டேட்டா வரம்பு தனி, டவரில் நெரிசல் வந்தால் படம் நிற்கும். அதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. வீட்டு நெட்வொர்க் என்பது வேறு, இணையம் என்பது வேறு. கொட்டகைக் கேமராவும் வீட்டுப் பதிவுப் பெட்டியும் ஒரே இழையில் இணைந்திருந்தால், இணைய இணைப்பு மூன்று நாள் அறுந்து கிடந்தாலும் பதிவு நிற்காது. வீட்டிலிருந்தபடி கொட்டகையைப் பார்க்கலாம். சிம்மை நம்பினால், நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மாட்டைப் பார்ப்பதற்கு எங்கோ இருக்கும் ஒரு சர்வர்வரை படம் போய்த் திரும்ப வேண்டும். மின்கம்பி வழியாகவே நெட் அனுப்பும் பிளக்குகளும் விற்கின்றன. அவை நம் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. வீடு ஒரு மின் இணைப்பில் இருக்கும், மோட்டார் வேறொரு விவசாய இணைப்பில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர் பெட்டிகளும் தெருக் கம்பமும் நிற்கின்றன.

அடுத்து நியாயமான ஒரு தயக்கம் இருக்கிறது. செம்பு அறுந்தால் நாமே முறுக்கி ஒட்டிக்கொள்ளலாம். ஃபைபர் அறுந்தால் யாரைத் தேடுவது? பத்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. இன்று ஸ்ப்ளைசிங் மெஷின் இல்லாத கேபிள்காரர் தொழில் செய்யவே முடியாது. வீட்டுக்கு ஃபைபர் கொண்டுவந்த அதே ஆள், அதே மெஷினில், சில நிமிடத்தில் இழையை ஒட்டித் தருவார். முனைகள் ஏற்கெனவே பொருத்திய கேபிளைத் தேவையான நீளத்தில் வாங்கினால் அவரையும் அழைக்க வேண்டாம். செலவும் பயப்படும்படி இல்லை. இழை மீட்டர் கணக்கில் நல்ல செம்பு கேபிளைவிட மலிவு; இரு முனைக்கும் சேர்த்து மீடியா கன்வெர்ட்டர் ஜோடி சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஒரே இடியில் போகும் பதிவுப் பெட்டி, ஸ்விட்ச், ரூட்டர் ஆகியவற்றின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை.

வாங்கும்போது சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். சிங்கிள் மோட் இழை என்று கேட்டு வாங்க வேண்டும். வளைவைத் தாங்கும் ஜி.657 வகை வீட்டு வேலைக்கு ஏற்றது. வீடுகளுக்கு இழுக்கும் கறுப்பு நிற டிராப் கேபிளில் பல சமயம் தாங்கு கம்பியாக ஓர் எஃகுக் கம்பி ஒட்டியிருக்கும். கட்டிடத்திலிருந்து கட்டிடத்துக்குப் போகும்போது அந்த எஃகும் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழையை எதற்காகத் தேர்ந்தெடுத்தோமோ அதையே அது கெடுத்துவிடும். எனவே எஃகுக்குப் பதில் கண்ணாடிநார்த் தண்டு வைத்த வகையைக் கேட்க வேண்டும். ஓர் இழை போதும் என்றாலும் நான்கு இழை உள்ள கேபிளைப் போட்டுவிட வேண்டும். விலை வித்தியாசம் சொற்பம், ஓர் இழை கெட்டால் அடுத்தது கைகொடுக்கும். 80 கிலோமீட்டருக்கான மீடியா கன்வெர்ட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது. நூறு மீட்டர் இழையில் அதன் ஒளி மறுமுனை ஏற்பியைத் திணறடிக்கும். இணைப்பில் இருக்கும் இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடும்.

உண்மையான செலவு மண்ணைத் தோண்டுவதில்தான் இருக்கிறது. நம் மாநிலத்தில் அதற்கும் ஒரு வழி உண்டு. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. அந்த வேலையின்போது கிணற்றடியிலிருந்து நிலம் நெடுகப் பிரதானக் குழாய் புதைக்கக் கால்வாய் வெட்டுகிறார்கள். அதே கால்வாயில் ஒரு வெற்று எச்டிபிஇ குழாயைச் சேர்த்துப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரு வாயையும் அடைத்து வைத்தால் போதும். ஃபைபர் என்று தேவைப்படுகிறதோ அன்று இழுத்துக்கொள்ளலாம். புது வீடு கட்டும்போதும், கொட்டகைக்கு மின்கேபிள் புதைக்கும்போதும் இதையே செய்யலாம். குழாய் போகும் வழி வரப்பை ஒட்டி இருப்பது நல்லது. சட்டிக்கலப்பை ஓர் அடிவரை இறங்கும்; கடினப் படுகையை உடைக்க ஓட்டும் உளிக்கலப்பை ஒன்றரை அடிவரை போகும். உழும் நிலத்தின் குறுக்கே போக வேண்டியிருந்தால் இரண்டரை அடி ஆழம் வேண்டும். மேலே செங்கல்லோ எச்சரிக்கை நாடாவோ போட்டால் ஜேசிபி ஓட்டுபவர் கவனிப்பார். குழாய் இல்லாமல் இழையை மண்ணில் நேரடியாகப் புதைப்பவர்கள் எலிக்குத் தீனி வைக்கிறார்கள். மரத்தில் தொங்கவிட்டால் அணில் கடிக்கும். குழாயின் வாய் திறந்திருந்தால் எறும்பும் தண்ணீரும் நுழையும்.

ஃபைபரில் மின்சாரம் போகாதே, அங்கே கருவிகளுக்கு எது உணவு என்ற கேள்விக்குப் பதில் கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறும். தறிக்குடோனிலும் கோழிப்பண்ணையிலும் மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஒரு சிறு ஸ்விட்ச் வைத்து, கட்டிடத்துக்குள் மட்டும் செம்புக் கேபிளில் கேமராக்களை இணைக்கலாம். எல்லாம் ஒரே எர்த்தில் நிற்பதால் முன்பு சொன்ன ஆபத்து அங்கே இல்லை. மோட்டார் ரூமில் அப்படிச் செய்ய முடியாது. 1990 முதல் பம்புசெட்டுக்கு இலவசமாக வரும் அந்த மின்சாரம் பாசனத்துக்கென்று தரப்படுவது. அதை வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல். மும்முனை மின்சாரம் நாள் முழுக்க எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. ஆனால் மீடியா கன்வெர்ட்டரும் ஒரு கேமராவும் சேர்ந்து சில வாட்டுகளே எடுக்கும். கூரைமேல் ஒரு சிறிய சூரியத் தகடும் கீழே ஒரு பேட்டரியும் அதற்குப் போதும். இப்படிச் செய்தால் மோட்டார் ரூமின் எர்த்தோடும் இலவச மின்சாரத்தோடும் நெட்வொர்க்குக்குத் தொடர்பே இருக்காது. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

கொட்டகையில் இன்னொரு ரூட்டரை மாட்டிவிட்டுப் போவதும் பரவலான தவறு. இரண்டு ரூட்டரும் தனித்தனியே முகவரி கொடுக்கத் தொடங்கினால், வீட்டிலிருந்து கொட்டகைக் கேமராவைத் தேடினால் கிடைக்காது. அங்கே ரூட்டராக இயங்காமல் வெறும் அக்சஸ் பாயின்டாக மட்டும் அது இருக்கும்படி அமைத்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே தந்தால் கைபேசி தானே மாறிக்கொள்ளும்.

இதைத் தனித்தனிக் குடும்பங்களின் புத்திசாலித்தனத்துக்கு விட்டுவிட முடியாது. அவர்களுக்கு ஆலோசனை சொல்பவர் கேமரா மாட்ட வருபவரும் எலக்ட்ரீஷியனும்தான். ஐடிஐ எலக்ட்ரீஷியன் பாடத்தில் எர்த் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரு கட்டிடங்களின் எர்த்தைத் தரவுக் கம்பி இணைத்துவிடும் என்பதையும், ஃபைபர் முனை பொருத்துவதையும் அதோடு சேர்த்துக் கற்றுத்தர இரண்டு நாள் பயிற்சி போதும். தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ போன்ற திறன் திட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. சொட்டுநீர் மானியத்தின் பொருள் பட்டியலில் ஒரு வெற்றுக் குழாயைச் சேர்க்க வேளாண்மைத் துறையும் தோட்டக்கலைத் துறையும் முன்வர வேண்டும். மீட்டருக்கு ஆகும் கூடுதல் செலவு குழாயின் விலை மட்டுமே. கூலி ஏற்கெனவே கொடுக்கப்படுகிறது. இந்த ஆண்டு வெட்டி மூடப்படும் கால்வாய்களை ஒரு குழாய்க்காக யாரும் மறுபடி திறக்கப்போவதில்லை. ஆகவே அடுத்த நிதியாண்டின் மானிய வழிகாட்டுதல் எழுதப்படும்போதே இது அதில் இடம்பெற வேண்டும்.